போடி ஏலக்கூடத்தை நான் நூலகமாக்கிய கதை

கம்ப்யூட்டர் மீது எனக்குள்ள பெரிய மனத்தாங்கலே அது எதிர்த்துப் பேசாது என்பதுதான். மனிதரிடம் ஒரு பொய்யைச் சொன்னால் குறைந்தபட்சம் ஒரு புருவமாவது உயரும். கம்ப்யூட்டரோ அதை மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டு, அந்தப் பொய்யை வைத்தே நாற்பது பக்கத்துக்குக் கணக்குப் போட்டு, கலர் கலராகப் படமும் வரைந்து கையில் கொடுத்துவிடும். போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய் ஏலக்கூடம் கடலோரத்தில் இருப்பதாகவும், அதற்குள் நூறு பேர் உட்கார்ந்து சத்தமில்லாமல் புத்தகம் படிப்பதாகவும் நான் ஒருமுறை அதனிடம் சொன்னேன். அப்படியே நம்பிவிட்டது. (நம்பியதோடு நிற்காமல் 'உள்ளீட்டில் பிழை எதுவும் இல்லை' என்று பாராட்டுப் பத்திரம் வேறு.)

ரெண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்த நேரம். மெக்கானிக்கல் முடித்துவிட்டு, சென்னையில் கட்டடங்களுக்கு ஏசி வடிவமைக்கும் ஒரு கம்பெனியில் ஆறு மாதம் பயிற்சி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தேன். அங்கே கற்றுக்கொண்ட ஒரே உருப்படியான வித்தை, ஒரு கட்டடத்தைக் கம்ப்யூட்டருக்குள் கட்டுவது. சுவர் எத்தனை அங்குலம், கூரை என்ன, ஜன்னல் எந்தத் திசை, உள்ளே எத்தனை பேர், எத்தனை விளக்கு என்று எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால், வருடத்தின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் உள்ளே எவ்வளவு சூடு சேரும், அதை வெளியேற்ற எத்தனை டன் ஏசி வேண்டும் என்று மென்பொருள் சொல்லிவிடும். அதன் குறுந்தகடு ஒன்றை நான் சென்னையிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்திருந்தேன். துணியில் சுற்றி, பெட்டிக்கு நடுவில் வைத்து. நகையைக்கூட நான் அப்படிக் கொண்டுவந்ததில்லை.

வகுப்பில் அறுபது பேரில் நான் ஒருத்திதான் பெண். அதனால் எனக்கு இருந்த தலைக்கனத்தை அளக்க எந்த மென்பொருளும் போதாது. தெருவில் யாராவது 'உஸ்ஸ்' என்று விசிறிக்கொண்டால்கூட, அவர் வீட்டுக் கூரை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் நகர்வேன்.

என் அத்தா அந்த ஏலக்கூடத்தில் இருபது வருடமாக ஏலம் கூறுபவர். அத்தா என்றால் எங்கள் ராவுத்தர் வீடுகளில் அப்பா; அவர் என்னைக் கூப்பிடும் 'ஏத்தா'வில் இருப்பதோ ஆத்தா. கூடத்தின் ஒரு கோடியில் இரண்டு படி வைத்த மர மேடை ஒன்று உண்டு. கையில் சின்னச் சுத்தியலோடு அத்தா அதில் ஏறி நின்றால் அவ்வளவு பெரிய கூடமும் அடங்கிவிடும். மைக்கே தேவையில்லை. வீட்டில் உப்புக் கேட்கக்கூடக் கூச்சப்படுகிற மனிதர் அங்கே வேறு ஆளாக இருப்பார். அந்த இரண்டு படியை அவர் ஏறுகிற தோரணைக்காகவே நான் சின்ன வயதில் பள்ளிக்கு மட்டம் போட்டிருக்கிறேன்.

ஏலம் நடக்கிற விதம் இதுதான். தோட்டக்காரர்கள் மூட்டைகளைக் கொண்டுவந்து ஒப்படைப்பார்கள். ஒவ்வொருவர் சரக்கும் ஒரு லாட்டு. ஒவ்வொரு லாட்டிலும் மாதிரிக்கு ஒரு கைப்பிடி எடுத்து, கூடத்தில் வேலை செய்யும் பொன்னுத்தாயக்கா வரிசையாக எல்லா வியாபாரிகள் முன்னாலும் போட்டுக்கொண்டே போவார். வியாபாரி அதை உள்ளங்கையில் பரப்பி, நிறம் பார்ப்பார், பருமன் பார்ப்பார், ஒன்றைக் கிள்ளி மூக்கருகே கொண்டுபோவார். அதற்குப் பிறகு விலை கேட்பார். பார்த்து முடித்த காய்களை அப்படியே தரையில் கொட்டிவிடுவார். சாயங்காலம் பார்த்தால் கணுக்கால் வரைக்கும் ஏலக்காயாகக் கிடக்கும்.

இதில் இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரு லாட்டை முகர்ந்து விலை கேட்டதும், அடுத்த மாதிரி வருவதற்குள் எல்லா வியாபாரிகளும் மேற்குப் பக்கத்து ஜன்னல்களின் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். போடிமெட்டு மலையிலிருந்து காற்று நேராக உள்ளே வரும் ஜன்னல்கள் அவை. இரண்டு மூச்சு இழுத்துவிட்டு மறுபடி திரும்புவார்கள். நூறு தலைகள் ஒன்றாகத் திரும்பும், ஒன்றாகத் திரும்பி வரும். சின்ன வயதிலிருந்தே இதைப் பார்த்து வளர்ந்தவள் நான். மலையை வேடிக்கை பார்க்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. மெக்கானிக்கல் படித்தவள் ஏன் கேட்கப் போகிறேன்?

அந்த வருடம் கோடையில் ஒரு சங்கடம் வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலக்கூடத்தில் ஏசி போட்டுவிட்டார்கள். எங்கள் கூடத்துக்குச் சிமெண்ட் ஓட்டுக் கூரை. சித்திரை மாதத்தில் உள்ளே உட்கார்ந்தால் இட்லிக்குக்கூட இரக்கம் வரும். வியாபாரிகள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் ஏற ஆரம்பித்தார்கள். கமிட்டி கூடியது. தேனியில் ஏசி கடை வைத்திருந்த குமரேசன் அண்ணனைக் கூப்பிட்டார்கள். அவர் கூடத்தை ஒருமுறை நடந்து பார்த்தார், அண்ணாந்து கூரையைப் பார்த்தார், காதில் செருகியிருந்த சாக்பீஸை எடுத்துச் சுவரில் '16' என்று எழுதினார். அவ்வளவுதான் அவர் கணக்கு.

பதினாறு டன் ஏசி. ஆனால் கூடத்தில் இருந்த ஜெனரேட்டர் பத்து டன்னுக்கு மேல் இழுக்காது. மின்சாரம் போகாத ஏல நாளே கிடையாது என்பதால் ஜெனரேட்டர் இல்லாமல் ஏசி வைத்துப் பயனில்லை.

"புது ஜெனரேட்டர் வாங்குறதுன்னா இந்த வருசம் ஏசிய மறந்துருங்க" என்றார் கமிட்டித் தலைவர் வீரணன். "இந்த வருசம் ஏசி இல்லேன்னா வியாபாரிகள மறந்துருங்க" என்றார் வேறொருவர். இப்படியே பேச்சு ஒரு மணி நேரம் சுற்றியதும் அத்தா எழுந்திருக்கிறார்.

"எம்பொண்ணு பரீதா இதுக்குன்னே படிச்சிட்டு வந்திருக்கு. அது கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கட்டும். அது சொல்றதப் போடுவோம்."

"கணக்கு தப்பிப் போச்சுன்னா?" என்று வீரணன் கேட்டிருக்கிறார்.

"தப்பிப் போச்சுன்னா நான் இந்த மேடையில ஏறல" என்று அத்தா சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "இவுக எதுக்கு வாயக் குடுக்குறாக? அந்தப் பிள்ளைக்கு நம்ம வீட்டு ஃபேனையே துடைக்கத் தெரியாது." எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மானிட்டர் மேல் அம்மா போட்டு வைத்திருந்த பூப்போட்ட உறையை உருவி எறிந்துவிட்டு உட்கார்ந்தேன்.

முதல் கேள்வியிலேயே மென்பொருள் என்னை மடக்கியது. கட்டடம் எந்த ஊரில் இருக்கிறது? பட்டியலில் தேனியும் இல்லை, போடியும் இல்லை. தமிழ்நாடு என்றால் சென்னை ஒன்றுதான். கிட்டத்தில் எது என்று தேடினால் திருவனந்தபுரம் இருந்தது. நடுவில் ஒரு மலைத்தொடர் நிற்பதைக் கணக்கில் எடுக்காவிட்டால் பக்கத்து ஊர்தான். கிளிக் செய்தேன். போடிக்குக் கடல் வந்தது.

அடுத்த கேள்வி, உள்ளே இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? அலுவலகம், நூலகம், உடற்பயிற்சிக் கூடம், உணவகம், பிரார்த்தனைக் கூடம் என்று ஒரு நீளப் பட்டியல். ஏலம் விடுகிறவர்கள் அதில் இல்லை. அமெரிக்காவில் உட்கார்ந்து அந்த மென்பொருளை எழுதியவர்களுக்கு, மனிதர்கள் ஓரிடத்தில் கூடி ஏலக்காயைத் தரையில் கொட்டுவார்கள் என்று தோன்றவே இல்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நான் பட்டியலை மேலும் கீழும் பார்த்தேன். வியாபாரிகள் உட்கார்ந்துதானே இருக்கிறார்கள்? அமைதியாகக் கையில் எதையோ பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்? நூலகம் என்று கிளிக் செய்தேன். நூலகத்தில் இருப்பவர்களுக்கு உடம்புச் சூடு குறைவு என்பது ஒரு வசதி.

இவ்வளவு வசதி செய்து கொடுத்தும் விடை பதினாறு டன் என்று வந்தது.

அந்தப் பதினாறைப் பார்த்ததும் எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. சுவரில் சாக்பீஸால் ஒருவர் கிறுக்கிய எண்ணைக் கண்டுபிடிக்கவா நான் நாலு வருடம் படித்தேன்? அன்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் செதுக்க ஆரம்பித்தேன். கூரைக்கு அடியில் தெர்மோகோல் அடித்தேன், அதாவது கம்ப்யூட்டரில். பதினாலு ஆனது. மேற்கு ஜன்னல்களைக் கண்ணாடி போட்டு, உள்பக்கம் தெர்மோகோல் வைத்து, திறக்க முடியாதபடி அடைத்தேன். பன்னிரண்டே முக்கால். இன்னும் இரண்டே முக்கால் டன் எங்கே ஒளிந்திருக்கிறது என்று மூன்று நாள் தேடினேன். கடைசியில் ஒரு மூலையில் கிடைத்தது. உள்ளே இருக்கும் ஆள் ஒவ்வொருவருக்கும் நொடிக்கு இத்தனை லிட்டர் வெளிக்காற்று உள்ளே வர வேண்டும் என்று ஓர் எண் இருந்தது. வெளிக்காற்று சூடானது. அதைக் குளிர வைக்கத்தான் அத்தனை டன். அந்த எண்ணைப் பாதியாக்கினேன். விடை இறங்கியது. கால்வாசியாக்கினேன். இன்னும் இறங்கியது. அதற்கப்புறம் எனக்கு வெறி பிடித்துவிட்டது. கடைசியில் திரையில் 9.8 என்று வந்தபோது நான் எழுந்து கைதட்டினேன். அடுக்களையிலிருந்து அம்மா பல்லி எதுவும் விழுந்துவிட்டதா என்று கேட்டார்.

அறிக்கையை அச்சடித்து, சுருள் பைண்டிங் செய்து அத்தாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தை மெதுவாகப் படித்தார்.

"இங்கன என்னத்தா, லைப்ரரின்னு போட்டிருக்கு?"

"அது சும்மா ஒரு பேருதான்த்தா. கணக்குக்கு."

"சரி, சரி" என்று மூடி, நெஞ்சோடு அணைத்து எடுத்துக்கொண்டு போனார். இன்றைக்கு நினைத்தாலும் அந்த அணைப்பு என்னைக் குத்துகிறது. அவர் இரண்டாம் பக்கத்தைப் புரட்டவில்லை. மகள் போட்ட கணக்கு என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது.

வேலையைச் செய்ய வந்தது குமரேசன் அண்ணன்தான். ஜன்னல்களை அடைக்கச் சொன்ன வரைபடத்தை அவர் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், நேராகவும் பார்த்தார்.

"ஏம்மா, எல்லாத்தையும் அடைச்சுப்புட்டா காத்துக்கு என்ன வழி?"

"வெளிக்காத்து கணக்குல இருக்குண்ணே. ஆளுக்கு இவ்வளவுன்னு." எவ்வளவு என்று சொன்னேன்.

அவர் வரைபடத்தைச் சுருட்டினார். "அது ஒரு பூனைக்குக் காணுமா?"

நான் சிரித்தேன். சிரித்தேன் என்றால், படித்தவள் படிக்காதவரைப் பார்த்துச் சிரிக்கும் அந்தச் சிரிப்பு. அதை இப்போது யாராவது என் முகத்தில் பார்த்தால் தயவுசெய்து ஓர் அறை விடலாம். அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்.

ஆவணி மாதம், புதுக் காய் வர ஆரம்பிக்கும் சமயத்தில் ஏசி திறப்பு. (ஆவணியில் போடியில் அடிக்கும் மலைக்காற்றுக்கு ஏசியே வேண்டாம். அதை அப்போது யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.) மலைக்கு அந்தப் பக்கம் போன வியாபாரிகளெல்லாம் திரும்பி வந்திருந்தார்கள். கட்டப்பனையிலிருந்து வர்கீஸ் வந்திருந்தார். உத்தமபாளையத்திலிருந்து அப்பாஸ் மாமு வந்திருந்தார். மூக்குக்குப் பேர்போனவர் அவர். காயை முகர்ந்து எந்த மலை, எந்தச் சரிவு, எத்தனை நாள் உலர்த்தியது என்று சொல்வார். அவர் ஒரு லாட்டுக்கு விலை கேட்டால் மற்றவர்கள் அதை ஒட்டித்தான் கேட்பார்கள். நான் முதல் வரிசையில், கையில் தெர்மாமீட்டருடன், தலையில் புது முக்காட்டுடன் உட்கார்ந்திருந்தேன்.

அத்தா இரண்டு படி ஏறினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். சுத்தியலைத் தட்டினார்.

முதல் பத்து லாட்டு வரை நான் சொர்க்கத்தில் இருந்தேன். தெர்மாமீட்டர் இருபத்து நாலு காட்டியது. அறிக்கையில் நான் எழுதியிருந்ததும் இருபத்து நாலு. வீரணன் தன் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டு, "குளுகுளுன்னு இருக்குப்பா" என்றார். பொன்னுத்தாயக்கா தலையில் சேலையைச் சுற்றிக்கொண்டு மாதிரி போட்டுக்கொண்டிருந்தார். நான் திரும்பிக் கடைசி வரிசைக்கும் பின்னால் நின்ற குமரேசன் அண்ணனைப் பார்த்தேன். அவர் கருவிப் பையைக் காலருகே வைத்துக்கொண்டு சும்மா நின்றிருந்தார்.

பதினைந்தாவது லாட்டில் வர்கீஸ் இரண்டு கையையும் மேலே தூக்கினார். அத்தா, "கட்டப்பனைக்கு" என்று சுத்தியலைத் தட்டினார். வர்கீஸ் திகைத்து விழித்தார்.

"ஞான் கேட்டில்லல்லோ. கொட்டாவி விட்டதாக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் சிரிப்பை முடிக்காமல் கொட்டாவிக்குப் போய்விட்டதை அப்போதுதான் கவனித்தேன். மூடிய பெட்டிக்குள் நூறு பேர் விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதோடு, தரையில் பதினைந்து லாட்டு ஏலக்காய் செருப்புக் காலில் மிதிபட்டுக் கிடந்தது. கடையில் ஒரு டப்பாவைத் திறந்தால் சுகமாக வரும் அந்த வாசனை, இங்கே மெல்ல மெல்லக் கெட்டியாகிக்கொண்டு வந்தது. என் கண் கரித்தது. நாக்கில் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. தெர்மாமீட்டர் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் இருபத்து நாலில் நின்றது.

இருபதாவது லாட்டையும் வியாபாரிகள் முகர்ந்தார்கள், பழக்கதோஷத்தில் மேற்கே திரும்பினார்கள். அங்கே நான் அடைத்த தெர்மோகோல் வெள்ளையாக இருந்தது. நூறு முகங்கள் அதைப் பார்த்தன. மூச்சை இழுத்தன. மறுபடி ஏலக்காய்தான் உள்ளே போனது.

அந்த நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. அவர்கள் ஒருநாளும் மலையைப் பார்த்ததில்லை. மூக்கைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

இருபத்து மூன்றாவது லாட்டு வந்தபோது அப்பாஸ் மாமு கையை நீட்டினார். "பொன்னுத்தாயி, முன்னாடி போன லாட்டுல ரெண்டு காயி கொண்டா." இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி முகர்ந்தார். மாற்றி முகர்ந்தார். பிறகு என் அத்தாவைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே தோட்டமா?"

"இல்ல மச்சான். அது கீழ்ச்சரிவுக் காயி. இது மேகமலை."

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

ஒருவர் தன் கைக்குட்டையை முகர்ந்து பார்த்து, "இதுவும் மேகமலைதான்" என்றார். டீ வந்தது. டீயும் மேகமலையாக இருந்தது. யாருக்கும் எதுவும் தெரியாததால், எல்லா லாட்டுக்கும் ஒரே விலையைக் கேட்க ஆரம்பித்தார்கள். பச்சைப் பசேல் என்று பருமனாக இருந்த காய்க்கும், வெளுத்து வெடித்த காய்க்கும் ஒரே விலை. கண்ணால் பார்த்தாவது கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். மூக்கை நம்பாத நிலையில் கண்ணை நம்ப அவர்களுக்குத் தைரியம் இல்லை.

அப்போது பின்வரிசையில் தோட்டக்காரர்கள் பக்கமிருந்து ஒருவர் எழுந்தார். கைலியும் மலையில் போடும் கம்பளிச் சட்டையுமாக இருந்தார். இருபத்து மூன்றாவது லாட்டு அவருடையது. கோபமெல்லாம் படவில்லை.

"கூறுறவரே, எஞ்சரக்க இன்னொருக்கா மோந்து பாக்கச் சொல்லுங்க. ஒரு வருசப் பாடுங்க. மேகமலையில இருந்து ரெண்டு நாளா எறக்கிக் கொண்டாந்தேன்" என்றார்.

அத்தா உயர்த்திய சுத்தியலை மெதுவாக இறக்கினார். இருபது வருடத்தில் அவர் ஏலத்தை நடுவில் நிறுத்தியதே இல்லை. மின்சாரம் போனபோதும் நிறுத்தியதில்லை, ஒருமுறை கூடத்துக்குள் மாடு வந்தபோதும் நிறுத்தியதில்லை.

"ஏலத்த நிறுத்துறேன்" என்றார். மேடையிலிருந்து இரண்டு படி இறங்கினார். நேரே மேற்கு ஜன்னலுக்குப் போய்க் கையை வைத்துத் தள்ளினார். அது அசையவில்லை. சுற்றித் தடவிப் பார்த்தார். பிறகு அத்தனை பேர் முன்னால் என் பக்கம் திரும்பி, மிகவும் தணிந்த குரலில் கேட்டார்.

"ஏத்தா, இத எப்பிடித் தொறக்குறது?"

"தொறக்க முடியாதுத்தா" என்றேன். அறிக்கையின் ஏழாம் பக்கத்தில் அப்படித்தான் எழுதியிருந்தேன். அதைச் சாதனையாகவே எழுதியிருந்தேன்.

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். வெட்கத்தில் என் காது இரண்டும் கொதித்தன. அந்தச் சூட்டையும் சேர்த்திருந்தால் பதினொரு டன் ஆகியிருக்கும். அத்தா முகத்தைப் பார்க்க முடியாமல் தெர்மாமீட்டரைப் பார்த்தேன். இருபத்து நாலு.

குமரேசன் அண்ணன் கருவிப் பையோடு முன்னால் வந்தார். நாலு ஸ்க்ரூவைக் கழற்றினார், கண்ணாடியை நகர்த்தினார், தெர்மோகோலைக் கத்தியால் கிழித்தார். அவ்வளவு நாளும் வெளியே காத்துக்கொண்டிருந்த ஆவணிக் காற்று மொத்தமாக உள்ளே வந்தது. வெள்ளை மணி மணியாகத் தெர்மோகோல் பறந்து எல்லோர் தலையிலும் மீசையிலும் ஒட்டிக்கொண்டது. தரையில் கிடந்த ஏலக்காய்த் தோல் சுழன்று எழும்பி வீரணன் துண்டுக்குள் போனது. யாரும் அதைத் தட்டிவிடக்கூட இல்லை. நூறு பேரும் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகையும் வந்தது, தும்மலும் வந்தது. தும்மல் முந்திக்கொண்டது.

அப்பாஸ் மாமு இருபத்து மூன்றாவது லாட்டை மறுபடி முகர்ந்தார். அவர் முகம் விரிந்ததைப் பார்த்து எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அன்றைய ஏலத்திலேயே அதிக விலைக்கு அந்தக் காய் போனது. மேகமலைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். மற்ற லாட்டுகளையும் முதலிலிருந்து மறுபடி கூறினார் அத்தா.

ஆனால் மேடையில் ஏறவில்லை. திறந்த ஜன்னலருகே தரையில் நின்றபடியேதான் கூறினார். வீரணன், "ஏறிக் கூறுங்க" என்றார். அத்தா, "இங்கன காத்து நல்லா வருது" என்று சொல்லிவிட்டார். பத்து டன் ஏசியும் ஓடிக்கொண்டிருந்தது. அது குளிர வைத்ததெல்லாம் ஜன்னல் வழியாகப் போய், வெளியே சாக்கடையோரம் படுத்திருந்த ஒரு நாய்க்கு உபயோகமானது.

வீட்டில் அத்தாவோடு சண்டை போட்டேன். அதுதான் எனக்குத் தெரிந்த ஒரே மன்னிப்பு.

"கணக்கு தப்பலத்தா. இருபத்து நாலு டிகிரின்னு சொன்னேன். கடைசி வரைக்கும் இருபத்து நாலுதான் இருந்துச்சு. நீங்க எதுக்கு மேடையில ஏற மாட்டேங்குறீக?"

அத்தா தலையில் ஒட்டியிருந்த தெர்மோகோலை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆமாத்தா, கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. லைப்ரரிக்கு" என்றார். "நாங்கதான் எடந்தெரியாம உள்ள வந்துட்டோம்."

அம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சோற்றுத் தட்டு ஆடியது. அன்றோடு ஏலக்கூடத்துக்கு எங்கள் வீட்டில் பெயர் மாறிவிட்டது. அத்தா எங்கே என்று யார் கேட்டாலும், "லைப்ரரிக்குப் போயிருக்காக" என்பார் அம்மா. பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதையே சொல்லிவைக்க, அவர்கள் அத்தாவைப் பெரிய படிப்பாளி என்று நினைத்து, அவரிடம் ஒரு மணி நேரம் பயந்து பயந்து பேசிவிட்டுப் போனார்கள். மூடிக் கிடக்கும் எந்த அறையையும் எங்கள் வீட்டில் 'பரீதா டிசைன்' என்றுதான் சொல்வார்கள். சோற்றுப் பானை மூடி இறுகிக்கொண்டால்கூட அதே பெயர்தான்.

மறு வருடம் புது ஜெனரேட்டர் வந்தது. குமரேசன் அண்ணன் பதினாறு டன் போட்டு, ஜன்னல்களுக்குக் கீல் வைத்து, காற்றை வெளியே தள்ளும் விசிறிகளும் மாட்டினார். கூடம் நன்றாக நடந்தது. அத்தா மட்டும் மேடையில் ஏறவே இல்லை. வெளியாட்கள் கேட்டால் முழங்கால் வலி என்பார். அவருக்கு முழங்கால் வலி கிடையாது. தினமும் விடியற்காலை சுப்ஹு தொழுகைக்கு மாடிப் பள்ளிவாசலுக்கு விறுவிறுவென்று ஏறிப் போவார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், என் பெயரையும் சேர்த்துக் காப்பாற்றினார். அது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். நாங்கள் இருவரும் அதைப் பேசிக்கொண்டதே இல்லை.

சில வருடம் கழித்து அவர் ஓய்வு பெற்ற அன்று பொன்னாடை போர்த்த மேடைக்குக் கூப்பிட்டார்கள். நான் கோயம்புத்தூரிலிருந்து வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். (அங்கேயும் இதே வேலைதான். எனக்கு இதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.) அத்தா ஜன்னலருகிலேயே மைக்கை வாங்கினார்.

"எம்பொண்ணு கணக்குல ஒரு சின்னத் திருத்தம் பாக்கி கெடக்கு. அது முடிஞ்சதும் ஏறிக்கிர்றேன்."

கூடமே சிரித்தது. வீரணன் பொன்னாடையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி வர வேண்டியதாயிற்று.

அந்தத் திருத்தத்தை நான் நிஜமாகவே செய்தேன். பழைய கோப்பைப் பத்திரமாக வைத்திருந்தேன். ஒருநாள் மத்தியானம் அலுவலகத்தில் அதைத் திறந்து, திருவனந்தபுரத்துக் கடலை எடுத்துவிட்டேன். போடியின் வெயிலையும் காற்றையும் கையாலேயே ஏற்றினேன். ஜன்னல்களைத் திறந்தேன். ஆளுக்குரிய வெளிக்காற்றை முழுதாகத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பட்டியலில் இன்னும் ஏலக்கூடம் வரவில்லை, உடற்பயிற்சிக் கூடம் என்று போட்டேன். திரையில் வந்த விடையைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டேன். இருபத்திரண்டு. கூடத்தில் ஆறு வருடமாகப் பதினாறு டன் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கிறது, இந்தச் சனியன் இருபத்திரண்டு என்கிறது. ஆள் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று கை போனது. இழுத்துக்கொண்டேன். பிறகு யோசித்தால், ஏலத்தில் யார் குதிக்கிறார்கள், ஓடுகிறார்கள்? அத்தாவைத் தவிர எல்லோரும் உட்கார்ந்துதான் இருக்கிறார்கள். உடற்பயிற்சியை எடுத்துவிட்டு, முகத்தை இறுக்கிக்கொண்டு, மறுபடி நூலகத்தையே கிளிக் செய்தேன். பதினாறு வந்தது.

உடனே வீட்டுக்குப் போன் செய்தேன்.

"அத்தா எங்கம்மா?"

"லைப்ரரிக்குப் போயிருக்காக." ஓய்வு பெற்ற பிறகும் ஏல நாளில் அந்த ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிடுவார்.

"கணக்கு சரியா வந்துருச்சும்மா. இனி மேடையில ஏறலாம்னு சொல்லுங்க."

மறுமுனையில் அம்மா கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"எங்கிட்டுத்தா ஏறுவாக? போன மாசந்தான் மேடையப் பிரிச்சாக. இப்ப ஏலமெல்லாம் பெட்டியிலயே நடக்குதாம். அந்த எடத்துல கம்ப்யூட்டர வச்சிருக்காக."